ஈயம் கடித்த வாய்

எனக்கு வாய் நீளம் என்பது குப்பத்தில் எல்லோருக்கும் தெரியும். கல்யாணத்துக்கு முன்பே சம்பாதித்த பெயர் அது. பெண் பார்க்க வந்தவர்களிடம் எங்கப்பா எதையும் ஒளிக்கவில்லை. "வாய் கொஞ்சம் ஜாஸ்திதான். ஆனா ஈயம் கடிக்கறதுல இவளை அடிச்சிக்க ஆளு இல்ல" என்றார். முதல் பாதியைக் கேட்டு முகம் சுருங்கிய மாப்பிள்ளை வீட்டார், இரண்டாவது பாதியைக் கேட்டுச் சிரித்துத் தட்டை மாற்றிக்கொண்டார்கள்.

அந்த இரண்டாவது பாதிதான் பிற்பாடு என் மகளைக் கொல்லப் பார்த்தது.

ஈயம் கடிப்பது என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். வலை தண்ணீருக்குள் நிமிர்ந்து நிற்க வேண்டுமானால் அதன் அடிக்கயிற்றில் கனம் வேண்டும். அந்தக் கனம்தான் ஈயம். செத்துப்போன பேட்டரியை உடைத்து, உள்ளே இருக்கும் தகடுகளைச் சட்டியில் போட்டு உருக்கி, பலகையில் செதுக்கிய பள்ளத்தில் ஊற்றுவோம். ஆறிய பிறகு சுத்தியலால் தட்டி மெல்லிசாக்கி, விரலகலத் துண்டுகளாக வெட்டி, கயிற்றின் மேல் ஒவ்வொன்றாகச் சுற்றி இறுக்குவோம். இறுக்குவதில்தான் கைத்திறமை எல்லாம். கல்லால் அடித்தால் கயிறு நசுங்கும். குறடால் பிடித்தால் முனை மடங்கிக் கயிற்றை அறுக்கும். பல்லால் கடித்தால்தான் கயிற்றுக்கு நோகாமல் உட்காரும்.

பொம்மையார்பாளையத்தில் எங்கப்பா வீட்டில் எட்டு வயதிலேயே கடிக்கப் பழகிவிட்டேன். ஈயத்துக்கு லேசான ஒரு தித்திப்பு உண்டு. கடித்தவர்களுக்குத்தான் அது தெரியும். தொண்ணூற்று மூன்றில் மரக்காணம் பக்கத்துக் குப்பம் ஒன்றில் என்னைக் கட்டிக்கொடுத்தபோது, அண்டா குண்டாவோடு, சின்ன வயதிலிருந்து நாங்கள் ஈயம் உருக்கிய இருப்புச் சட்டியும் சீராக வந்தது. வேறு எந்தப் பெண்ணுக்கும் அப்படி ஒரு சீர் போனதாக நான் கேள்விப்படவில்லை. எனக்கு அதில் கர்வம்தான்.

வெளியே வைத்து உருக்கினால் கடற்காற்று அடுப்பை அணைத்துவிடும். அதனால் வீட்டுக்குள் சோறு பொங்கும் அடுப்பிலேயே உருக்குவேன். திண்டிவனத்தில் லாரி பேட்டரி ரிப்பேர் செய்யும் கடையிலிருந்து என் வீட்டுக்காரர் மூட்டையாகப் பழைய தகடுகள் கொண்டுவருவார். நான் ஈயம் வைத்த வலையில் ஒரு துண்டும் கழன்று விழுந்தது கிடையாது. அக்கம்பக்கத்து வலைகளும் என்னிடம் வர ஆரம்பித்தன.

அடுத்த வருஷமே மகள் பிறந்தாள். நடக்கப் பழகியதும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள். மூன்று வயதில் ஒருநாள் தானாகவே ஒரு துண்டை எடுத்துக் கயிற்றில் சுற்றிப் பால்பல்லால் கடித்துக் காட்டினாள். நான் அந்தக் கயிற்றைப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன். "பாரு, அம்மா மாதிரியே" என்றார்கள். அதன் பிறகு ஒரு தகரக் கிண்ணத்தில் சின்னத் துண்டுகளைப் போட்டு அவள் முன்னால் வைத்துவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். வாயில் ஒரு துண்டைக் குதப்பிக்கொண்டு சமர்த்தாக இருப்பாள். அழுவதே இல்லை.

அந்தச் சமர்த்துக் குழந்தைக்கு வராத ஜுரம் இல்லை. சளி போனால் பேதி வரும், பேதி நின்றால் காதில் சீழ் வடியும், அது காய்வதற்குள் தொடையில் கட்டி கிளம்பும். தெருவில் ஒரு பிள்ளை தும்மினால் மூன்றாம் நாள் என் மகள் படுத்திருப்பாள். தும்மிய பிள்ளை மறுநாளே எழுந்து ஓடிவிடும், இவள் பதினைந்து நாள் கிடப்பாள். உதடு வெளுத்து நகமெல்லாம் தாளாக இருந்தது. யாரும் பார்க்காதபோது சுவர்ச் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்பாள். அதற்காக நான் அவள் வாயிலேயே அடித்திருக்கிறேன். மிளகாய் சுற்றிப் போட்டேன், கயிறு கட்டினேன், மயிலம் முருகனுக்கு வேண்டிக்கொண்டு மொட்டை போட்டேன். ஒன்றும் கேட்கவில்லை.

அவளுக்கு நாலு வயதானபோது சுகாதார நிலையத்து நர்ஸம்மா குப்பத்துக்கு வந்தார். மகளின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார்.

"ரத்தமே இல்லம்மா. இரும்புச் சத்து போதல. அதான் வர்ற நோயெல்லாம் இவளைப் புடிக்குது" என்றார். முருங்கைக்கீரை, கேப்பைக் கூழ், வெல்லம், முட்டை என்று வரிசையாகச் சொன்னார். "அலுமினியத்துல ஆக்காதீங்க. இருப்புச் சட்டியில ஆக்குங்க. புளி ஊத்தி ஆக்கினா சட்டியில இருக்கற இரும்பு கொஞ்சம் குழம்புல எறங்கும். மருந்து மாதிரி அது."

அவர் சொன்னதில் ஒரு சொல்லும் தப்பில்லை. இதை நான் பல முறை யோசித்துப் பார்த்துவிட்டேன். அவர் மேல் பழியைப் போட எனக்கு வழியே இல்லை.

வீட்டில் எல்லாமே அலுமினியம். இருப்புச் சட்டி என்று ஒன்றுதான் இருந்தது.

ஈயத்துக்கு ஒரு பழைய எண்ணெய் டின்னைத் தேடி வைத்துக்கொண்டு, அந்தச் சட்டியை எடுத்து ஒரு காலை முழுக்கத் தேய்த்தேன். மணல் போட்டுத் தேய்த்தேன், சாம்பல் போட்டுத் தேய்த்தேன், புளிச்சக்கையை அப்பி ஊறவைத்துத் தேய்த்தேன். தோள்பட்டை கழன்றுவிடும் போல வலித்தது. அப்புறம் மூன்று நாள் கஞ்சித்தண்ணீர் ஊற்றி வைத்துப் பழக்கினேன். அடியில் கரும்பளபளப்பு வந்ததும் என் முகமே அதில் தெரிந்த மாதிரி ஒரு சந்தோஷம். மகளுக்கென்று தனியாக அதில் புளிக்குழம்பு வைத்தேன். கீரையைப் புளி விட்டுக் கடைந்தேன். சின்னச் சட்டி என்பதால் ஒரு ஆளுக்குத்தான் வரும். என் வீட்டுக்காரர் ஒருநாள் ருசி பார்க்கக் கை நீட்டினார்.

"அது புள்ளைக்கு. தொடாத" என்றேன்.

"இன்னாமே, ஒரு வாய்கூடவா?"

"உனக்கு ரத்தம் இருக்குது, போ."

மகள் தட்டை வழித்துச் சாப்பிட்டாள். அதுவரை சோற்றைக் கண்டாலே ஓடியவள், இன்னும் வேணும் என்று கேட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு வேளையும் தவறாமல் மூன்று நாலு மாதம் அப்படிப் போட்டேன். இந்த இடத்தை எழுதும்போது பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்விடலாம் போல இருக்கிறது.

அவள் தேறவில்லை. இன்னும் வெளுத்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள். மழைக்காலம் வந்தது. வந்த வேகத்தில் சளி நெஞ்சில் இறங்கி, மூச்சு விடும்போது விலாவெல்லாம் உள்ளே குழிந்தது. அன்றைக்குக் காலைப் பஸ்ஸில் திண்டிவனம் போனோம். மடியில் அவள் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டே வந்தேன். எண்ணிக்கை தப்பும்போதெல்லாம் மூச்சே நின்றுவிட்டதாக நினைத்து அவளை உலுக்கினேன். டிரைவரிடம் "ஜல்தியா ஓட்டுய்யா" என்று கத்தினேன்.

ஆஸ்பத்திரியில் குழந்தைகளைப் பார்த்தது ஒரு இளவயது டாக்டரம்மா. நிமோனியா என்று உடனே படுக்க வைத்து ஊசி போட ஆரம்பித்தார். மறுநாள் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, ரத்தத்தின் அளவு பாதிகூட இல்லை என்றார்.

"அப்போ ரத்தம் ஊற டானிக் குடுங்க" என்றேன்.

"இப்போ வேணாம்மா. ஜுரம் அடங்கட்டும்."

மறுநாளும் கேட்டேன், அதே பதில். மூன்றாம் நாள் மகள் கண் திறக்காமல் கிடந்தாள். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, வார்டே திரும்பிப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டேன்.

"ரத்தம் இல்லன்னு நீங்கதான் சொல்றீங்க. டானிக் குடுக்க மாட்டேன்னும் நீங்கதான் சொல்றீங்க. ஏழை ஜனம்னா செத்தாலும் பரவாயில்லன்னு விட்டுடுவீங்களா? உங்க வீட்டுப் புள்ளையா இருந்தா இப்படித்தான் பாத்துக்கினு நிப்பீங்களா?"

டாக்டரம்மா கோபப்படவில்லை. என் முகத்துக்கு வெகு பக்கத்தில் வந்தார். என் கண்ணைப் பார்க்காமல் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அடிக்கப்போகிறாரோ என்று நான் பேச்சை நிறுத்தினேன்.

"வாயை மூடாதீங்க" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஜன்னல் பக்கம் என்னை இழுத்துப் போய், உதட்டை விரலால் விலக்கிப் பார்த்தார். பல்லும் ஈறும் சேரும் இடத்தில் நீலக்கறுப்பாக ஒரு கோடு இருக்கிறது என்றார். எனக்கு அது தெரியும். எங்கம்மாவுக்கும் இருந்தது. ஈயம் கடிக்கிறவர்கள் எல்லோருக்கும் இருக்கும். வேலை தெரிந்தவள் என்பதற்கு அது ஒரு அடையாளம் என்றே நாங்கள் நினைத்திருந்தோம்.

"என்ன வேலை செய்யறீங்க?" என்று கேட்டார். சொன்னேன். எங்கே உருக்குகிறேன் என்று கேட்டார். சொன்னேன். குழந்தையும் கடிப்பாளா என்று கேட்டார். அதையும் சொன்னேன். மூன்று வயதிலேயே கடித்துக் காட்டிய கதையைச் சொல்லும்போது என் குரலில் பெருமை இருந்திருக்க வேண்டும். டாக்டரம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அவர் விளக்கிச் சொன்ன விதம் எனக்கு இன்றைக்கும் அப்படியே நினைவிருக்கிறது.

"திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுல மரக்காணம் பஸ்ஸுக்கு எப்படிம்மா சீட்டு புடிப்பீங்க?"

"ஜன்னல் வழியா துண்டு போடுவோம்."

"உடம்புக்குள்ளயும் சீட்டு இருக்கு. இரும்பு உக்கார்ற சீட்டு, சுண்ணாம்புச் சத்து உக்கார்ற சீட்டு, துத்தநாகம் உக்கார்ற சீட்டு. அவங்க வராம சீட்டு காலியா கிடந்தா ஈயம் ஏறி உக்காந்துக்கும். உடம்புக்கு வித்தியாசம் தெரியாது, நம்ம ஆளுதான்னு விட்டுடும். ஆனா ஈயம் ஒரு வேலையும் செய்யாது. எழுந்திருன்னா எழுந்திருக்கவும் செய்யாது. கிருமியோட சண்டை போடறதுக்குன்னு உடம்புல ஆளுங்க இருக்காங்க. இரும்பும் துத்தநாகமும் இல்லாம அவங்களால ஒன்னும் பண்ண முடியாது. அதான் ஊர்ல இருக்கற ஜுரமெல்லாம் உங்க பொண்ணைத் தேடி வருது."

"ஈயம் ஏறினதால ரத்தம் கொறைஞ்சுதா, ரத்தம் கொறைஞ்சதால ஈயம் ஏறுச்சா?"

"ரெண்டும்தான். ஒன்னை ஒன்னு இழுத்துட்டு வரும்."

"அப்போ இரும்பை இப்பவே குடுங்களேன்."

"கிருமிக்கும் இரும்பு வேணும்மா. ஜுரம் வந்தா உடம்பே இரும்பை எடுத்து ஒளிச்சு வெச்சிக்கும். இப்போ நாம வாரிக் கொடுத்தா அது யாருக்குப் போய்ச் சேரும்னு சொல்ல முடியாது. நாலு நாள் பொறுங்க."

பொறுத்தேன். அந்த நாலு நாளும் வார்டில் நான் வாயைத் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் ஜுரம் விட்டது. டானிக் கொடுத்தார்கள். துத்தநாகம் கலந்த மருந்தும் கொடுத்தார்கள். பத்து நாளில் மகள் எழுந்து உட்கார்ந்து பன் கேட்டாள். அவள் ரத்தத்தில் கொஞ்சத்தை எடுத்து மெட்ராஸுக்கு அனுப்பினார்கள். ஈயத்தை அளக்க அங்கேதான் வசதி இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் முதலில் நம்பவில்லை. "எங்கம்மா கடிச்சாங்க, உங்கம்மா கடிச்சாங்க. அவங்கல்லாம் இன்னா செத்தா பூட்டாங்க?" என்றார். அப்புறம் மகளின் கையைத் தூக்கிப் பார்த்தார். ஊசி குத்திய இடமெல்லாம் நீலம் பூத்திருந்தது. எழுந்து போய் டின், பலகை, தகட்டு மூட்டை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார். இனி வலைக்கு வார்த்த ஈயக் குண்டுகளைக் கடையில் வாங்குவது என்று முடிவானது. தரையை மூன்று முறை கழுவினேன். சுவரைத் துடைத்தேன். பாயைக் கடலில் போட்டு அலசினேன். கிண்ணத்துத் துண்டுகளைத் தேடி மகள் அழுதாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன், ஒரு துணுக்கும் அவள் கைக்குப் போகவில்லை.

இருப்புச் சட்டி மட்டும் அடுப்பில் இருந்தது. அது இரும்புச் சத்துக்கு. அதைத்தான் நர்ஸம்மா மருந்து என்று சொல்லியிருந்தாரே. டாக்டரம்மாவும் கீரை கொடு, ரத்தம் ஊறட்டும் என்றுதானே அனுப்பினார். முன்னைவிட அக்கறையாகப் புளி ஊற்றி வைத்தேன்.

ஒரு மாதம் போயிருக்கும். மகள் மறுபடியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். வாந்தி. அடுத்த வாரம் ஜுரம். அதற்கடுத்து அதே மூச்சிரைப்பு. அதே பஸ், அதே வார்டு, அதே கட்டில்கூட.

மெட்ராஸிலிருந்து ரத்த ரிப்போர்ட் வந்திருந்தது. ஈயம் ரொம்ப அதிகம் என்றார் டாக்டரம்மா. மறுபடியும் ரத்தம் எடுத்து, இந்த முறை ஒரு ஆளிடமே கொடுத்தனுப்பி, சீக்கிரம் பதில் வாங்கினார். அதைப் படித்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"போன தடவையைவிட ஏறியிருக்கு. நீங்க நிறுத்தலை."

"நிறுத்திட்டேங்க. எல்லாத்தையும் தூக்கிப் போட்டாச்சு."

"பொய் சொல்லாதீங்கம்மா. இங்க இருந்தா தேறிக்கறா, வீட்டுக்குப் போனா படுத்துடறா. இன்னொரு தடவை ஏறினா மூளையைத் தாக்கும். வலிப்பு வரும். அப்புறம் என்னால ஒன்னும் செய்ய முடியாது."

எனக்கு ரத்தம் கொதித்தது. "கடலம்மா மேல சத்தியமா நிறுத்திட்டேன். வந்து பாருங்க எங்க வூட்ட. நாங்க படிக்காதவங்கதான், பொய் சொல்றவங்க இல்ல" என்றேன்.

அவர் பேனாவை எடுத்தார். "சரி. காலையில எழுந்ததுல இருந்து இவ வாயில என்னென்ன போகுதோ எல்லாத்தையும் சொல்லுங்க."

சொன்னேன். கேப்பைக் கூழ், வெல்லம், மத்தியானம் கீரை, புளிக்குழம்பு. ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எனக்குத் தைரியம் வந்தது. குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. கடைசியில், நல்ல பெயர் வாங்கப்போகும் மாணவி மாதிரி, "எல்லாம் அலுமினியத்துல இல்லைங்க. நர்ஸம்மா சொன்ன மாதிரி இவளுக்குன்னு தனியா இருப்புச் சட்டியிலதான் ஆக்கறேன்" என்றேன்.

"எந்தச் சட்டி?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். எங்க அம்மா வீட்டுச் சீர் என்று சொல்லத்தான் வந்தேன். எட்டு வயதிலிருந்து எத்தனை ஈயம் அந்தச் சட்டியில் கொதித்து இறங்கியது என்பது அப்போதுதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. இரும்பின் சின்னச் சின்னத் துவாரமெல்லாம் ஈயம் குடித்து உட்கார்ந்திருந்திருக்கிறது. மணலும் சாம்பலும் மேலேதான் தேய்த்தன. உள்ளே இருந்ததைப் புளி வெளியே கூட்டிக்கொண்டு வந்தது. இரும்பு இறங்கும் என்று நான் ஊற்றிய அதே புளி.

டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. நான் அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அன்றைக்கே மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஈயத்தைக் கட்டி இழுத்து மூத்திரத்தில் தள்ளும் மருந்து ஒன்று இருந்தது. அது துத்தநாகத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடுமாம். அதனால் மருந்து கொஞ்ச நாள், நிறுத்திவிட்டுச் சத்து கொஞ்ச நாள் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ஒரு தடவை அவள் கை வெட்டி இழுத்தது. வலிப்பு வந்துவிட்டது என்று நான் அலறினேன். தூக்கத்தில் கை உதறியதுதான் என்று நர்ஸ் சொன்னார்.

பிழைத்தாள். வீட்டுக்கு வந்த அன்று சட்டியைத் தேடினேன். பழைய இரும்புக்காரனுக்குப் போட்டால் அதை வேறொரு அம்மா வாங்கிச் சமைப்பாள். வீட்டுக்காரரிடம் சம்மட்டியை வாங்கி நானே அடித்தேன். வார்ப்பிரும்பு, இரண்டாவது அடியில் நாலாக உடைந்தது. சட்டி எங்கே என்று மகள் கேட்டபோது, கை தவறி உடைந்துவிட்டது என்றேன்.

அதற்கப்புறம் அவளுக்கு வந்த நோய்கள் மற்ற பிள்ளைகளுக்கு வரும் நோய்கள்தான். ஜுரம் வந்தால் மூன்று நாளில் போனது. கட்டி வருவது நின்றது. பள்ளிக்கூடத்தில் தமிழ் நன்றாக வந்தது, கணக்கு மட்டும் தலைகீழாக நின்றாலும் ஏறவில்லை. அது ஈயத்தாலா, இயல்பே அப்படியா என்று யாராலும் சொல்ல முடியாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். எல்லாவற்றுக்கும் கத்துகிற நான், அவளுடைய கணக்கு மார்க்குக்கு மட்டும் ஒருநாளும் கத்தியதில்லை. பேசாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். எங்கம்மாவுக்கு ரொம்ப நல்ல மனசு என்று அவள் தோழிகளிடம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

இருபத்திரண்டு வயதில் விழுப்புரத்தில் வாக்கப்பட்டாள். அவள் மாசமாக இருந்தபோது, ஐந்தாம் மாதம், நான் கருவாடும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையும் எடுத்துக்கொண்டு பார்க்கப் போனேன். விக்கிரவாண்டி தாண்டும்வரைகூட ஒரு கவலையும் இல்லாதவளாகத்தான் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்குள் நுழைந்து அவள் முகத்தைப் பார்த்ததும் பையை வாசலிலேயே வைத்துவிட்டேன். உதடு வெளுத்திருந்தது. இருமிக்கொண்டிருந்தாள்.

"மூணாவது தடவை ஜுரம்மா இது. ரத்தம் கம்மியாம். டாக்டர் திட்டறாங்க" என்றாள். மல்லாட்டையை உரித்துக்கொண்டே சொன்னாள். "இருப்புச் சட்டியில ஆக்கிச் சாப்பிடச் சொன்னாங்க. புதுசு ஒன்னு வாங்கினேன், அதுல வெச்சா ருசியே வரல. சின்னப் புள்ளையில நீ ஒரு சட்டியில எனக்குன்னு தனியா புளிக்குழம்பு வெப்ப இல்ல, லேசா தித்திப்பா இருக்கும், அந்த மாதிரி எங்கயுமே வரலம்மா. அதை இன்னா பக்குவத்துல வெச்ச?"

பதினெட்டு வருஷமாக மூடி வைத்திருந்தேன். அவளிடம் சொல்லாமல் செத்துப்போவது என்றுதான் இருந்தேன். ஆனால் டாக்டரம்மா அப்போதே ஒன்று சொல்லி அனுப்பியிருந்தார். ரத்தத்திலிருந்து ஈயம் போனாலும் எலும்பில் சுண்ணாம்பின் இடத்தில் கொஞ்சம் உட்கார்ந்துதான் இருக்கும். இவள் பிள்ளை உண்டாகும்போது, வயிற்றுப் பிள்ளைக்குச் சுண்ணாம்புச் சத்து போதவில்லையென்றால் உடம்பு எலும்பைக் கரைக்கும், அப்போது அதுவும் கூட எழுந்து வரும். மறக்காமல் அன்றைக்குப் பார்க்கிற டாக்டரிடம் சொல்லுங்கள் என்றார். நான் மறக்கவில்லை. மறந்தவள் மாதிரி ஐந்து மாதம் இருந்துவிட்டேன்.

சொன்னேன். கிண்ணத்துத் துண்டுகளிலிருந்து சம்மட்டி அடி வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மல்லாட்டை உரிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். நடுவில் ஒரு தடவை வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"அந்தச் சட்டியில ஆக்கினதை நீயும் துன்னியாம்மா?"

"இல்ல. ஒரு வாய்கூட துன்னல. அப்பாவையும் தொட விடல. எல்லாம் உனக்குத்தான் வெச்சேன்."

அவள் எழுந்து வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். "வாயத் தொற" என்றாள். திறந்தேன். உதட்டை விலக்கி ஈற்றைப் பார்த்தாள். கோடு மங்கிப் போயிருந்தது, ஆனாலும் இருந்தது.

"நீ எத்தினி வருஷம் கடிச்ச?"

"எட்டு வயசுல இருந்து. இருபத்தி மூணு இருபத்தி நாலு வயசு வரைக்கும்."

"உனக்கு ரத்தம் எடுத்துப் பாத்தாங்களா?"

யாரும் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை. அது எனக்குத் தோன்றியதே இல்லை என்று சொன்னதை அவள் நம்பவில்லை.

மறுநாள் இரண்டு பேரும் போய் ரத்தம் கொடுத்தோம். ரிப்போர்ட் வர ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரம் நான் விழுப்புரத்திலேயே இருந்தேன். அவள் என்னோடு சண்டை போடவில்லை, சிரிக்கவும் இல்லை. தட்டில் வைத்ததைச் சாப்பிட்டாள். ஒவ்வொரு கவளத்துக்கும் என் கையைப் பார்த்துவிட்டுச் சாப்பிடுகிறாள் என்று எனக்குப் பட்டது. அப்படி இல்லாமலும் இருந்திருக்கலாம்.

டாக்டர் முதலில் அவள் ரிப்போர்ட்டை எடுத்தார். ஈயம் கொஞ்சம் இருக்கிறது, பயப்படும் அளவுக்கு இல்லை என்றார். இரும்பு மாத்திரையும் சுண்ணாம்பு மாத்திரையும் ஒருநாளும் விடக் கூடாது, இரண்டையும் ஒரே நேரத்தில் போடக் கூடாது, மாதாமாதம் ரத்தம் பார்க்கலாம், சீட்டுகளைக் காலியாக விடாமல் இருந்தால் குழந்தைக்கு ஒன்றும் வராது என்றார். அவரும் சீட்டு என்றுதான் சொன்னார். இந்தப் படிப்பு படித்தவர்கள் எல்லோருமே பஸ்ஸில் போய் வந்தவர்கள் போலிருக்கிறது.

அப்புறம் என் ரிப்போர்ட்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடியும் பார்த்தார். "உங்களுக்கு இவங்களைவிட ரொம்ப அதிகமா இருக்கேம்மா" என்றார்.

"அப்பாடா" என்றேன்.

வேண்டுமென்று சொல்லவில்லை. அவளைவிட எனக்குத்தான் அதிகம் என்று கேட்டதும் தானாக வந்துவிட்டது. டாக்டர் நான் தப்பாகக் கேட்டுக்கொண்டேன் என்று நினைத்து, அதிகம் என்றால் நல்லது இல்லை, இந்த வயதில் எலும்பு தேயத் தேய இன்னும் ஏறும் என்று விளக்கப் பார்த்தார். நல்லதுங்க, நல்லதுங்க என்று நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். பதினெட்டு வருஷத்தில் அன்றைக்குத்தான் எனக்கு மூச்சு முழுசாக வந்தது.

மகள் என் பக்கம் திரும்பினாள்.

"வாய மூடும்மா" என்றாள். சொல்லும்போது என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.